ஐந்து வயதுப் பிள்ளை கையில் கேமரா: கொடுக்கலாமா, வேண்டாமா?

மழைக்குருவி:
மகளுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. அலமாரியில் சும்மா கிடந்த என் பழைய டிஜிட்டல் கேமராவைப் போன வாரம் அவளிடம் கொடுத்தேன். கைபேசி இல்லை, படம் எடுக்க மட்டுமே தெரிந்த சின்ன கேமரா. இரண்டே நாளில் முந்நூறு படத்துக்கு மேல் எடுத்துவிட்டாள். பாதியில் அவள் விரல்தான் இருக்கிறது. மீதியில் என் முழங்கால், தூங்குகிற தாத்தாவின் மூக்கு, சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கம், அதன் மூலையில் ஒரு சிலந்தி வலை. தினமும் அந்த மேசையில்தான் சாப்பிடுகிறேன், வலை இருந்ததே எனக்குத் தெரியாது. கொடுத்தது நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது. கணவரோ "இன்னொரு திரையா?" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கல்தூண்:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி, அம்மா. முந்நூறு படம் எடுத்த குழந்தை எத்தனை பொருளை நின்று பார்த்திருக்கும்? லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு அவை குறைவாகவே நினைவில் நின்றன. வெறுமனே பார்த்தவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு ஒதுங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கே இப்படி. முதலில் பென்சிலைக் கொடுங்கள். இலையை வரைகிற பிள்ளை அதன் நரம்பைத் தேடிப் பார்க்கும்.

ஒளிவாசல்:
ஐயா, அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. 2017-இல் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனையில், விரும்பியதைத் தாங்களே தேர்ந்து எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவும், காதால் கேட்டது குறைவாகவும் நினைவில் இருந்தது. ஆக, எதைக் கவனித்து எடுக்கிறோம் என்பதுதான் விஷயம். மேசைக்கடியில் படுத்து வலையைப் படம் எடுத்த பிள்ளை அதைப் பார்க்காமலா எடுத்திருக்கும்?

வார இறுதியில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லித் தருகிறேன். பொத்தானை அவர்கள் கை முழுவதாலும் அழுத்துவார்கள். கேமரா கீழே சரியும், படம் கலங்கிப்போகும். இடது உள்ளங்கையைத் தட்டு மாதிரி கேமராவுக்குக் கீழே விரிக்க வேண்டும், இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். அப்புறம், "பாதி அமுக்கு, பீப் கேட்கும் வரை பொறு, பிறகு முழுசா அமுக்கு" என்பேன். அந்த ஒரு நொடிக் காத்திருப்பைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகும். ஆனால் அது வந்தபின் குழந்தை வேறு மாதிரி பார்க்கத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கல்தூண்:
மறுபாதியை நான் சொல்லாமல் விட்டது தவறுதான். ஆனாலும் முந்நூறு என்ற எண்ணிக்கை என்னை உறுத்துகிறது. 1900-இல் கோடாக் நிறுவனம் பிரௌனி கேமராவை ஒரு டாலருக்கு விற்றது, குழந்தைகளை மனதில் வைத்துத்தான். அதில் போடும் பிலிம் சுருளில் ஆறே படம்! எங்கள் வீட்டு கேமராவில் 36 படச் சுருள். ஒவ்வொன்றுக்கும் அப்பா, "எதை எடுக்கப் போற, எதுக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை டிஜிட்டல் அழித்துவிட்டது.

மழைக்குருவி:
அந்த 36-இல் உங்களுக்கு எத்தனை கிடைத்தது ஐயா?

கல்தூண்:
இரண்டு. சுருளை முடித்தாக வேண்டுமே என்று, வெளிச்சம் மங்கிய பிறகு. ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. தம்பி நிற்கிறான், நெற்றிக்கு மேலே படத்தில் இல்லை.

ஒளிவாசல்:
அதைத்தான் சொல்ல வந்தேன். தப்பாக எடுக்க அன்று பிள்ளைகளுக்கு வழியில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நான் உங்களோடு உடன்படுகிறேன், ஆனால் அதை முதல் நாளே போட வேண்டாம். சில வாரம் இஷ்டம்போல் எடுக்கட்டும். பிறகு "இன்னைக்குப் பத்துதான்" என்று சொல்லுங்கள். மாலையில் கூட உட்கார்ந்து மூன்றை மட்டும் அவளையே பொறுக்கச் சொல்லி, ஏன் அது என்று கேளுங்கள். உங்கள் அப்பாவின் கேள்விதான், எடுத்த பிறகு கேட்கிறோம். அதுவரை பெரியவர்கள் எதையும் அழிக்கக் கூடாது, விரல் விழுந்த படத்தையும்கூட.

திரை பற்றி: உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது, உட்கார்ந்தபடி திரை பார்ப்பதைத்தான். குனிந்தும் படுத்தும் ஓடியும் படம் எடுப்பது அந்தக் கணக்கில் வராது.

தெருமுனை:
தூங்குகிற தாத்தாவிடம் கேட்டுவிட்டா எடுத்தாள்? எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். "எடுக்கலாமா?" என்று கேட்பதும், "வேண்டாம்" என்றால் கேமராவை இறக்குவதும்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும். இது பெற்றோருக்கும் பொருந்தும். குழந்தையின் படங்களை ஊருக்கே காட்டுமுன் அவளிடம் கேளுங்கள். கைபேசியில் எடுத்தால், படக் கோப்புக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். அமைப்புகளில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள்.

மழைக்குருவி:
தாத்தா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இன்று காலை கேட்கச் சொன்னேன். "இரு, சட்டையை மாட்டிக்கிட்டு வரேன்" என்றார் தாத்தா. அவர் வரும்வரை கேமராவை இரண்டு கையிலும் பிடித்தபடி கதவருகே நின்றாள்.

கல்தூண்:
பத்துகூட அதிகம் என்பேன், ஆறிலிருந்து நான் இறங்கி வரமாட்டேன். நேற்று பேரனிடம் ஆறு படம் என்று சொல்லித்தான் கேமராவைக் கொடுத்தேன். ஒளிவாசல், ஒரு சந்தேகம். பாதி அமுக்கும்போது வரும் சத்தத்தை நிறுத்த முடியுமா? அவன் குறி வைப்பதற்குள் அணில் ஓடிவிடுகிறது. ஆறில் நான்கு வெறும் கிளைதான்.

ஒளிவாசல்:
மெனுவில் ஒலி அமைப்பு என்று இருக்கும், அதில் அணைத்துவிடலாம் ஐயா. பீப் இல்லாவிட்டாலும் பெரும்பாலான கேமராக்களில் திரையில் ஒரு கட்டம் பச்சையாக மாறும். அதைப் பார்த்து அமுக்கச் சொல்லுங்கள். அந்த நான்கு கிளைப் படங்களையும் அழித்துவிடாதீர்கள்.