அண்ணன் மறுபடி நடப்பாரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அண்ணனுக்கு 34 வயது. தேங்காய் பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பில் டி12 என்ற எலும்பு நொறுங்கிவிட்டது. மறுநாளே ஆபரேஷன் செய்து கம்பியும் ஸ்க்ரூவும் வைத்தார்கள், இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. இப்போது தண்டுவடப் பாதிப்பைச் சொல்லும் ஏசியா (ASIA) அளவில் 'பி' என்று எழுதியிருக்கிறார்கள், அதாவது கீழே உணர்ச்சி கொஞ்சம் இருக்கிறது, அசைவு இல்லை. நடப்பாரா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில், ஒரு டாக்டர் மேலே கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் படித்த வரையில், ஆசனவாயைச் சுற்றி ஊசி குத்துவது தெரிந்தால், வெறும் தொடு உணர்ச்சி மட்டும் உள்ளவர்களைவிட நடக்கும் வாய்ப்பு அதிகம். 2011இல் லான்செட் மருத்துவ இதழில், நடப்பாரா என்று கணிக்க ஒரு கணக்கு வந்திருக்கிறது: வயது 65க்குக் கீழா மேலா, முன்தொடை, கெண்டைக்கால் தசைகளின் வலு, முழங்கால் பக்கமும் குதிகால் பக்கமும் தொடு உணர்ச்சி, அவ்வளவுதான். ஆனால் அது அடிபட்ட முதல் 15 நாளுக்குள் செய்த பரிசோதனையை வைத்துப் போடுவது. அப்போது அண்ணனுக்கு யாரும் இதை முழுதாக எழுதி வைக்கவில்லை, கேட்டு வாங்க எங்களுக்கும் தெரியவில்லை.

போன வாரம் வலது கட்டைவிரல் லேசாக அசைந்தது. அவர் அசைத்ததா, தானாகத் துடித்ததா? அசைக்கச் சொன்னால் முடியவில்லை.

'பி'யில் இருந்து 'சி'க்கு, அதாவது கொஞ்சம் அசைவு உள்ள நிலைக்கு, வந்தவர்கள் இருந்தால், முதல் அசைவு எத்தனையாவது மாதம், எந்தத் தசையில் வந்தது? அப்புறம், மறுவாழ்வுப் பயிற்சிக்கு வேலூர் சிஎம்சியா, ஆய்க்குடி அமர் சேவா சங்கமா? கூடவே தங்கியவர்கள் சொன்னால் நல்லது, அம்மாவும் வருவார்.