அசெம்பிள் பண்ணலாமா, பிராண்டட் வாங்கலாமா? பார்வையற்றவர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. என் பழைய டெஸ்க்டாப்பின் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. புதிது வாங்கியே ஆக வேண்டும். வீட்டில் எல்லோரும், “உனக்கு எதுக்கு இந்த வம்பு, நல்ல கம்பெனி லேப்டாப்பா ஒண்ணு எடுத்துடு” என்றார்கள். நான் உதிரி பாகங்களாக வாங்கி நானே பூட்டுவது என்று முடிவு செய்தேன். எனக்கு வெளிச்சம்கூடத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வழக்கமான கூத்துதான். கடைக்காரர் என்னோடு வந்த தம்பியிடமே, “சாருக்கு என்ன பட்ஜெட்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணாடி பதித்த கேபினட் ஒன்றை எடுத்து வைத்து, நாலு ஃபேனும் கலர் கலராக எரியும் என்றார். அதே விலையில் தகரக் கதவும் சத்தம் குறைந்த ஃபேனும் உள்ளதாகக் கொடுங்கள் என்று நான் கேட்ட பிறகுதான் பேச்சு என் பக்கம் திரும்பியது.

நாமே தேர்ந்தெடுப்பதில் உள்ள உண்மையான லாபம் இதுதான். கிராஃபிக்ஸ் கார்டு எனக்கு வேண்டாம். ரைசன் 5 5600ஜி பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது, கூலரும் கூடவே வருகிறது. மிச்சமான பணம் ராம், தரவைச் சேமிக்கும் நல்ல என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் நம்பகமான எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றுக்குப் போனது. விசையைத் தட்டியதும் குரல் வர வேண்டும், அரை நொடி தாமதித்தாலும் நமக்கு வேலை ஓடாது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் நம் இலவசத் திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ. இலகுவான மென்பொருள்தான். கனமானவை பிரவுசரும் அதில் நாம் திறந்து வைக்கும் டேப்களும்.

பூட்டும் வேலையில் பெரும்பகுதி கைக்கு அடங்கியதே. ராம் குச்சியில் நடுவிலிருந்து சற்றே விலகி ஒரு வெட்டு இருக்கும், அது ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்தாவிட்டால் உள்ளே இறங்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் எட்டு முனை ஒயர்களில் எது பிராசசருக்கு, எது கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்ற குழப்பமும் விரலிலேயே தீரும். நாலும் நாலுமாகப் பிரிந்தால் பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கார்டுக்கு.

எல்லோரும் பயமுறுத்துவது கேபினட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் குட்டி ஒயர்களைத்தான். எல்லா பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக ஊசிகள் நிற்கும். ஒரு வரிசையில் ஐந்து, இன்னொன்றில் நாலுதான், ஓர் ஊசி இருக்காது. அந்தக் காலி இடத்தை நகத்தால் தேடுங்கள். குறை ஊசி உள்ள வரிசையிலேயே, காலி இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் இரண்டும் பவர் சுவிட்சுக்கு உரியவை. பெரும்பாலான போர்டுகளில் இந்த அமைப்புதான். திருப்பி மாட்டினாலும் சுவிட்ச் வேலை செய்யும். விளக்குகளுக்கான ஒயர்களை நான் மாட்டவே இல்லை. யாருக்காக எரிய வேண்டும்?

பிராசசரை மட்டும் தம்பியை வைக்கச் சொன்னேன். 5600ஜி-யின் அடியில் மெல்லிய ஊசிகள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. தடவிப் பார்த்தே எதையும் தெரிந்துகொள்ளும் நமக்குத் தடவவே கூடாத இடம் அது. ஏ.எம்.டி.யின் புதிய ஏ.எம்.5 வகையிலும் இன்டெலிலும் ஊசிகள் பிராசசரை உட்கார வைக்கும் சாக்கெட்டில் இருக்கின்றன, அங்கே விரல் பட்டால் நஷ்டம் போர்டுக்கு. இந்த இரண்டு நிமிட வேலைக்குக் கண் உள்ள ஒருவரை உட்கார வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

விண்டோஸ் ஏற்றுவது நான் நினைத்ததைவிட எளிது. எஸ்.எஸ்.டி. காலியாக இருந்ததால் மெஷின் தானாகவே விண்டோஸ் உள்ள பென் டிரைவுக்குப் போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கும். ஒரு யு.எஸ்.பி. ஹெட்செட்டை முதலிலேயே செருகி வையுங்கள். போர்டில் உள்ள சவுண்டுக்கு அந்த நேரத்தில் டிரைவர் கிடைக்காமல் போகலாம். யு.எஸ்.பி. ஹெட்செட் அநேகமாகக் கைவிடாது.

விண்டோஸ் தொடங்குவதற்கு முன் மெஷினின் அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைதான் பெரிய தலைவலி. அங்கே எந்தத் திரைவாசிப்பானும் ஏறாது. இதற்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறவள். கரண்ட் போனால் டெஸ்க்டாப் சொல்லாமல் கொள்ளாமல் வாயை மூடிவிடும். எனக்கு லேப்டாப்தான் ஒத்துவரும், அதை யாரும் வீட்டில் செய்துகொள்ள முடியாது. ஆகவே வாங்கும் இடத்தில்தான் என் சாமர்த்தியம் எல்லாம்.

பென் டிரைவில் என்.வி.டி.ஏ.வின் போர்ட்டபிள் பிரதியை, அதாவது நிறுவாமலே ஓடுவதை, போட்டுக்கொண்டு போனேன். ஒரு ஷோரூமில் பென் டிரைவைச் செருகவே விடவில்லை. “வைரஸ் வந்துரும் மேடம்” என்றார் விற்பனைப் பையன். சரி என்று நரேட்டரைப் போட்டேன், அது எல்லா விண்டோஸிலும் இருக்கிறதே. திடீரென்று லேப்டாப் பேசத் தொடங்கியதும் பக்கத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து நின்றுவிட்டார்கள்.

நான் பார்ப்பது முக்கியமாகக் கீபோர்டைத்தான். பிராசசர் எந்தத் தலைமுறை என்றெல்லாம் விளம்பர அட்டையிலேயே எழுதியிருக்கும், கீபோர்டைப் பற்றி எந்த அட்டையிலும் ஒரு வார்த்தை இருக்காது. நம்பர் பேட் உண்டா? இருந்தால் 7, 8, 9 விசைகளில் முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி என்று படித்துக்கொண்டே போகலாம். இல்லாவிட்டால் கேப்ஸ் லாக்கை வைத்து லேப்டாப் முறைக்கு மாற வேண்டும். அதுவும் பழகிவிடும், ஆனால் இருபது வருடப் பழக்கத்தை விடுவது எனக்குக் கஷ்டம். என்.வி.டி.ஏ. கட்டளைகளுக்கு அழுத்தும் இன்சர்ட் தனி விசையாக இருக்கிறதா? பவர் பட்டன் டெலீட்டுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இருக்கிறதா? எஃப் வரிசையில் நாலு நாலாக இடைவெளி விட்டிருக்கிறார்களா? இடைவெளி இல்லாத கீபோர்டில் எஃப் 7-ஐத் தேடுவதற்குள் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

இன்னொன்று. 2024-இலிருந்து வரும் பல லேப்டாப்களில் வலப்பக்கம் கோபைலட் என்று ஒரு விசை. அது முளைத்த இடத்தில் முன்பு இருந்தது மெனு விசை, அல்லது வலது கன்ட்ரோல். நாம் மவுஸின் வலது கிளிக்குக்குப் பதிலாக அழுத்துகிற விசையைத்தான் பிடுங்கிவிட்டார்கள்! ஷிஃப்ட் எஃப் 10 போட்டுச் சமாளிக்கிறேன்.

விலை மலிவான சில மாடல்களில் விண்டோஸை எஸ் மோடு என்ற கட்டுப்பாட்டோடு கொடுக்கிறார்கள். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை மட்டுமே ஏறும், ஆகவே என்.வி.டி.ஏ. ஏறாது. செட்டிங்ஸுக்குப் போய் இலவசமாகவே வெளியே வந்துவிடலாம், திரும்பிப் போகத்தான் முடியாது. திரும்பிப் போய் நமக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. தமிழ்க் குரலுக்கு விண்டோஸின் தமிழ் மொழித் தொகுப்பை ஏற்றினால் வள்ளுவர் வருவார். குரலின் பெயரே அதுதான். பாடம் தயாரிக்க அவரும், மற்ற நேரம் என்.வி.டி.ஏ.வோடு வரும் ஈஸ்பீக் குரலும்.

கோயம்புத்தூரிலிருந்து:

பயாஸ் பற்றிக் கேட்டிருந்தீர்களே அண்ணா. நான் செய்வது இது. எச்.டி.எம்.ஐ. கேப்சர் டாங்கிள் என்று சின்னதாக ஒன்று ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. புது மெஷினின் எச்.டி.எம்.ஐ. ஒயரை மானிட்டருக்குப் பதிலாக அதில் மாட்டி, மறுமுனையைப் பழைய லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில் செருகுகிறேன். லேப்டாப்பில் கேமரா செயலியைத் திறந்தால் பயாஸ் திரை ஒரு வீடியோவாக வந்துவிடும். என்.வி.டி.ஏ. விசையோடு (இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக்) ஆர் அழுத்தினால் அதில் உள்ள எழுத்துகளைப் படித்துக் காட்டும். போன் கேமராவை மானிட்டருக்கு முன்னால் பிடித்துக் கை வலிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு குறை உண்டு. எழுத்துகளைப் படிக்குமே தவிர, எந்த வரியில் நாம் நிற்கிறோம் என்பதைச் சொல்லாது. நான் கண்ட வழி: பல பயாஸ்களில் நிற்கும் வரிக்கான விளக்கம் ஓர் ஓரத்தில் வரும். கீழ் அம்பை ஒரு தடவை அழுத்திவிட்டு மறுபடி படிக்கச் சொன்னால், மாறியிருக்கும் விளக்கத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இப்படித்தான் ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டேன். அதைப் போடாவிட்டால், பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்போம். பார்வையற்றவர்களுக்கு உதவும் பி மை ஐஸ் செயலியில் 2023-இல் வந்த ஏ.ஐ.யிடம் படத்தைக் கொடுத்தும் கேட்கலாம். ஆனால் சேமிப்பதற்கு முன் அது சொன்னதை ஒருமுறை சரிபாருங்கள், இல்லாததையும் துணிந்து சொல்லும்.

அசெம்பிள் பண்ணுகிற எல்லோரும் மதர்போர்டில் மாட்டும் குட்டி பீப் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவிடுங்கள். கேபினட்டோடு இப்போது அதைத் தருவதில்லை. போர்டில் கோளாறைக் காட்ட விளக்குகள் வைத்திருக்கிறார்கள், நமக்கு அவை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எல்லாம் சரி என்றால் பெரும்பாலான போர்டுகளில் ஒரு குட்டி பீப் வரும். டி.டி.ஆர்.5 என்ற புதிய வகை ராம் போட்ட மெஷின் முதல் தடவை எழும்ப சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று நினைத்து பவரை அணைக்காமல் அந்த பீப் வரும்வரை காத்திருங்கள்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம், காசும் இருக்கிறது என்றால் மேக். பெட்டியைப் பிரித்த நிமிடத்திலிருந்து, கோளாறைச் சரிசெய்யும் ரெக்கவரி திரை வரைக்கும் ஆப்பிளின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் பேசும். 2005-இலேயே சிஸ்டத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நான் வங்கி வேலை, எங்கள் மென்பொருள் அதில் ஓடாது. அதனால் எனக்கு அது இல்லை.

மறுபடி சென்னையிலிருந்து:

டாங்கிளுக்கு ஆர்டர் போட்டாயிற்று, நன்றி தம்பி.

டீச்சருக்கு ஒரு வார்த்தை: யு.பி.எஸ். வைத்தால் டெஸ்க்டாப்பும் சொல்லிவிட்டுத்தான் வாயை மூடும். பையில் தூக்கிப்போவதற்கு என்னிடம் பதில் இல்லை.

மானிட்டர் இல்லாமல் ஓட்ட நினைப்பவர்களுக்காக ஒன்று. மானிட்டரைக் கழற்றினால் விண்டோஸ் திரையளவைச் சிறிதாக்கிவிடும். அப்புறம் திரைப்படத்திலிருந்து என்.வி.டி.ஏ. எழுத்துகளைப் படிப்பதும் தடுமாறும், தொலைவிலிருந்து உதவ வரும் நண்பரும் தடுமாறுவார். எச்.டி.எம்.ஐ. டம்மி பிளக் ஒன்றைச் செருகினால் மானிட்டர் இருப்பதாகவே மெஷின் நம்பிக்கொள்ளும். ஆனால் சில சமயம் குரலும் அதே எச்.டி.எம்.ஐ. வழியாக அங்கே போய்விடும், மெஷின் ஊமையானதுபோல் இருக்கும். அதனால் என்.வி.டி.ஏ.வின் ஆடியோ அமைப்பில் ஹெட்செட்டையோ ஸ்பீக்கரையோ பெயர் குறித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் பிளக்கைச் செருகுங்கள்.