ஒளிபுகும் விண்டோ: கிளிக் யாருக்குப் போகும்?

கண்ணாடிப்பிரியன்: விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால், மேலே இருப்பதன் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 70 சதவீதத்துக்குக் குறையுங்கள். அடியில் இருப்பதும் தெரியும். விண்டோ விட்டு விண்டோ தாவும் ஆல்ட்-டேப்பே வேண்டாம்.

கறார்முத்து: ஆல்ட்-டேப்பே வேண்டாமா? அடியில் ஒரு பட்டன் தெரிகிறது. அமுக்கினால் கிளிக் யாருக்குப் போகும்? மேலே இருக்கும் விண்டோவுக்கு! கண்ணுக்குத் தெரிவதைக் கையால் தொட முடியாது. இது வசதியா?

கண்ணாடிப்பிரியன்: பார்க்கத்தான் சொன்னேன், அமுக்கச் சொல்லவில்லை. டவுன்லோட் முடிந்ததா, லாக் (நிரல் எழுதும் பதிவு) ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்க்க இது போதும்.

கறார்முத்து: பார்க்கவாவது முடிகிறதா? எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கிடக்கும். சாதாரண எழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) 4.5:1 வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல் வழிகாட்டி. உங்கள் விண்டோவுக்கு அடியில் வெள்ளைப் பக்கம் வருமா, கட்டளை தட்டும் கறுப்பு டெர்மினல் வருமா, யார் கண்டது? அது கிடக்கட்டும். கிளிக் யாருக்குப் போகும்? அதற்குப் பதில் வரவில்லை.

பழையபெட்டி: வழி இருக்கிறது. விண்டோஸ் 2000-லேயே, ஒளிபுகச் செய்யக்கூடிய லேயர்டு விண்டோ வந்தாச்சு. அதோடு டிரான்ஸ்பரன்ட் ஸ்டைலையும் சேர்த்தால் கிளிக் நேராக அடியில் இருப்பதற்குப் போகும்.

கறார்முத்து: அப்புறம் மேலே இருப்பதை எதைப் பிடித்து நகர்த்துவீர்கள்? அதற்குத்தான் மவுஸே போகாதே! ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்கு இல்லை. நான் கேட்டதும் இதைத்தான்.

மேக்மணி: மேக் ஓஎஸ் எக்ஸ்ல 2001-லயே மெனு வரைக்கும் ஒளிபுகும். விண்டோஸ் விஸ்டாவோட ஏரோங்கிற கண்ணாடித் தோற்றம் கடைக்கு வந்ததே 2007-லதான். யாரைப் பார்த்து யார் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்குங்க.

பழையபெட்டி: 2000 முதலில் வருமா, 2001 முதலில் வருமா?

மேக்மணி: அந்த லேயர்டு விண்டோவை எத்தனை பேர் பயன்படுத்தினாங்க? முன்னாடி டைலிங் (விண்டோக்களைப் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது) பத்திப் பேசினப்பவும் இப்படித்தான் ஆண்டைக் காட்டியே தப்பிச்சீங்க.

பழையபெட்டி: அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. விண்டோஸ் 1.0-இல், 1985-இல், விண்டோக்களை அடுக்கவே விடவில்லை, பக்கத்தில் பக்கத்தில்தான். 2.0-இல்தான் ஒன்றன்மேல் ஒன்று வந்தது.

கண்ணாடிப்பிரியன்: விண்டோஸ் 7-இல் ஏரோ பீக் இருந்ததே! மவுஸை மூலைக்குக் கொண்டுபோனால் எல்லா விண்டோவும் வெறும் கோடாகிவிடும். உபயோகமில்லாமலா வைத்தார்கள்?

கறார்முத்து: மவுஸை மூலையிலிருந்து எடுத்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடும். டெஸ்க்டாப்பில் தெரிந்த ஃபைலைத் தொட முடிந்ததா? என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள், நன்றி.

கண்ணாடிப்பிரியன்: தொடுவது, தொடுவது, தொடுவது. பார்ப்பதும் வேலைதான் ஐயா. நான் 70-ஐ மாற்றப் போவதில்லை.

கறார்முத்து: வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "ஆல்ட்-டேப்பே வேண்டாம்" என்ற வரியை எடுங்கள். கிளிக் யாருக்குப் போகும் என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

மேக்மணி: 2001. இன்னொரு தடவை சொல்றேன், 2001.