போவதா, இருப்பதா என்று காதல் தவித்த நாட்கள்: உங்கள் அனுபவம்?

காத்திருந்தவள்:
நான் காதலித்தவருடைய அப்பா அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்றவர். மகனுக்கு எஃப்2பி என்ற குடியேற்ற மனு போட்டிருந்தார். 21 வயதைத் தாண்டிய, திருமணமாகாத பிள்ளைகளுக்கானது அது. இடையில் திருமணம் செய்துகொண்டால் மனு அத்துடன் ரத்து. ஆறு வருடம் காத்திருந்தோம். விசா படிவம் நிரப்பும் நாளில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். 'திருமண நிலை' என்ற கட்டம் வந்தது. அவர் கை மவுஸின்மேல் அப்படியே நின்றுவிட்டது. 'திருமணமாகாதவர்' என்பதை நான்தான் சொடுக்கினேன். அவர் விமானம் ஏறிய நாள்கூட மங்கிவிட்டது. அந்தச் சொடுக்கு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

தங்கிவிட்டவன்:
என் மனைவி ஜெர்மனியில் செவிலியர். 2016-இல் நான் அவளிடம் போய்ச் சேர ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினேன். ஊரில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். தேர்வில் சுமார் முப்பது சொல்லில் ஒரு கடிதம்: அழைத்த தோழிக்கு, வர இயலவில்லை என்று எழுத வேண்டும். 'இஷ் கான் நிஷ்ட் கொமன்' என்று தடங்கலில்லாமல் எழுதினேன். 'என்னால் வர முடியாது.' எத்தனையோ மாதமாக அவளிடம் சொல்ல முடியாமல் தவித்த வாக்கியம். தேர்ச்சி பெற்றேன். சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது.

அனுபவஸ்தன்:
முதலில் எழுதிய சகோதரி அவசரப்பட்டுவிட்டீர்கள். அப்பா குடியுரிமை வாங்கிய பிறகு திருமணம் செய்திருந்தால் மனு ரத்தாகியிருக்காது, குடிமக்களின் திருமணமான பிள்ளைகளுக்கான எஃப்3 பிரிவுக்கு மாறியிருக்கும். வரிசை நீளம்தான், ஆனால் மனைவியாக நீங்களும் கூடவே போயிருக்கலாம். எது முதலில் என்பதுதான் முக்கியம்: முதலில் குடியுரிமை, பிறகு திருமணம். இது தெரியாமல் எத்தனை பேர் பிரிகிறார்கள்! அடுத்தவருக்கு: நீல அட்டை (உயர் தகுதியுள்ள வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) உள்ளவரின் துணைக்கு ஏ1 கட்டாயமில்லை, மனைவி அதற்குத் தகுதி பெறுகிறாரா என்று பாருங்கள். என் கதை சிறியது. நான் போனேன், அவள் வரவில்லை.

காத்திருந்தவள்:
எஃப்3 எங்களுக்கும் தெரியும் ஐயா. அவருடைய அப்பாவுக்குத்தான் குடியுரிமை மாற மனம் வரவில்லை. பழைய பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒருமுறை வந்தபோது பிரித்துக் காட்டி, "சாகும்போது இந்த ஊர்க்காரனாகவே சாகிறேனம்மா" என்றார். எனக்காக மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.