கோழிக்குத் தீனிப்பை காலையிலும் இறங்கவில்லை, தலைகீழாகப் பிடிக்கலாமா?

பீடோர் தோட்டத்து வீடு:
வணக்கம். வீட்டில் ஏழு ஆயாம் கம்போங், அதாவது நாட்டுக்கோழி. அதில் ஒரு பெட்டை, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும், மூன்று நாளாகத் தீனியைக் கொத்திக் கொத்திக் கீழே போடுகிறது. நேற்று இரவு தீனியை எடுத்துவிட்டு, இன்று காலை ஏழு மணிக்குத் தடவிப் பார்த்தேன். கழுத்தடியில் தீனி தங்கும் அந்தத் தீனிப்பை அப்படியே புடைத்து நிற்கிறது. பிசைந்த மாவு போல அமுங்குகிறது, நடுவில் கயிறு மாதிரி தட்டுப்படுகிறது. வாயில் நாற்றம் இல்லை. எச்சம் கொஞ்சம்தான், அதுவும் பச்சை. போன வாரம் தோட்டத்து லைன் வீடுகள் ஓரமாக மெஷினில் புல் வெட்டினார்கள். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

தாப்பா ரோடு:
வேண்டாம் அண்ணே. கோழிக்கு மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் மேலே வரும் தண்ணீர் நேராக அதற்குள் போகும். அங்கேயே மூச்சுத் திணறிச் சாகலாம், தப்பினாலும் நுரையீரல் கெடும். அதுவும் உங்கள் கோழிக்கு இருப்பது அடைப்பு. புல் சுருண்ட உருண்டை கக்கினாலும் வராது.

மெஷின் வெட்டிய புல் விரல் நீளத்துக்கு மேல் இருந்தால் கோழி அதை அப்படியே விழுங்கும். உள்ளே திரிந்து கயிறாகிவிடும். லாலாங் என்ற முரட்டுப் புல் இன்னும் மோசம். ராபியா என்ற பிளாஸ்டிக் கயிற்றுத் துண்டும் இதே வேலையைச் செய்யும்.

கோழியைத் தனிக் கூண்டில், வைக்கோலோ மரத்தூளோ போடாமல், பழைய துணி விரித்து வையுங்கள். இன்று முழுக்கத் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். 24 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடாதீர்கள், ஏற்கெனவே மூன்று நாள் சரியாகத் தின்னவில்லை. தேங்காய் எண்ணெய் 5 மில்லி, ஊசியில்லாத சிரிஞ்சில். தொண்டைக்குள் பீய்ச்சக் கூடாது. அலகின் ஓரத்தில் அரை மில்லி விட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்தது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் 10 மில்லி, அதே மாதிரி.

பத்து நிமிடம் கழித்துக் கோழியை நிமிர்த்தி மடியில் வைத்து, உருண்டையை விரல் நுனியால் பிசைந்து உடையுங்கள். ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் நான்கு தடவை. மேல்நோக்கி அழுத்தித் தள்ளாதீர்கள். எண்ணெய் முதல் தடவைக்கு மட்டும், பிறகு தண்ணீரே போதும்.

சிலிம் ரிவர்:
அண்ணன் சொன்னது அடைப்புக்கு. படிக்கிற மற்றவர்கள் இதையே புளித்த தீனிப்பைக்கும் செய்துவிடக் கூடாது. அது தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருக்கும், வாயில் புளித்த நாற்றம் அடிக்கும். கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை பெருகியிருக்கும். ஆன்டிபயாட்டிக் நீண்ட நாள் கொடுத்தாலும், நம் வெயிலில் காலையில் வைத்த சோறு மாலைவரை தட்டில் கிடந்தாலும் வரும். எண்ணெய் இதற்கு உதவாது. ரொட்டியும் சோறும் பூஞ்சைக்குத்தான் தீனி. வாய் ஓரத்திலும் உள்ளேயும் வெள்ளைப் படலம் இருக்கிறதா பாருங்கள்.

இதற்கு மருந்து நிஸ்டாட்டின் திரவம். மில்லிக்கு 100,000 யூனிட். கிலோவுக்கு 300,000 யூனிட் என்ற கணக்கில் நாளுக்கு இரண்டு வேளை கொடுப்பது வழக்கம், அதாவது ஒன்றரைக் கிலோ கோழிக்கு வேளைக்கு 4.5 மில்லி. கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு கொடுங்கள். மருந்து பூஞ்சையின் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும், அதனால் தீனிக்கு முன். ஆப்பிள் வினிகரைப் பலரும் சொல்வார்கள். முற்றிய பூஞ்சையை அது தீர்க்காது. கொடுத்தாலும் 4 லிட்டருக்கு 15 மில்லி, பிளாஸ்டிக் பாத்திரத்தில். தகர வாளியில் ஊற்றினால் புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

பூஞ்சைக்கென்று சிலர் சொல்லும் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கண்ணளவில் கலக்கவே கலக்காதீர்கள். அளவு கொஞ்சம் கூடினாலே விஷம்.

பீடோர் தோட்டத்து வீடு:
நன்றி. உருண்டை இளகினால் என்ன தீனி? எத்தனை நாள் பார்க்கலாம்?

தாப்பா ரோடு:
பெல்லட்டை (கடையில் விற்கும் குருணைத் தீனி) வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறியதும் ஒரு மேசைக்கரண்டி. இரண்டு மணி நேரத்தில் இறங்கினால் அடுத்தது. முழுச் சோளம், புல் எல்லாம் ஒரு வாரத்துக்கு வேண்டாம். தீனிப்பை காலியான பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக் கருங்கல் பொடி தனித் தட்டில் வையுங்கள், கோழி வயிற்றில் தீனியை அரைப்பது அதுதான். முட்டை ஓடும் கிளிஞ்சலும் வயிற்றில் கரைந்துவிடும், அரைக்க உதவாது.

48 மணி நேரத்தில் சற்றும் இளகாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் மயக்கம் கொடுத்துக் கீறி எடுப்பார். பிளேடால் வீட்டில் கீறும் வீடியோக்களை நம்ப வேண்டாம், தோலையும் பையையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும்.

சுங்கை:
ஒன்று விட்டுப்போனது. தீனிப்பை இறங்காதது பல நேரம் வேறு நோயின் அடையாளம். மேரெக்ஸ் என்ற வைரஸ் நோயில் நரம்பு செத்து, பை அசையாமல் நின்றுவிடும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் போகும். கழுத்து முறுக்கி, பச்சைக் கழிச்சலும் மூச்சிரைப்பும் இருந்தால் அது சம்பார், ராணிக்கெட் என்பதும் அதுவே. உங்கள் கோழிக்குப் பச்சை எச்சம் பட்டினியால் வரும் பித்தமாகவே இருக்கும். ஆனாலும் மற்ற ஆறிலும் ஒன்று சோர்ந்தால், பிசைவதை விட்டுவிட்டு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.