சுரங்கத்தில் வண்டல் குட்டைக்குக் கரை போட்ட அனுபவம் உண்டா? எழுதுங்கள்

செம்மண்தூசி:
ஒடிசாவில் பார்பில் பக்கம் ஓர் இரும்புத்தாது சுரங்கத்தில் சிவில் வேலை பார்க்கிறேன். ஜூன் பாதியில் மழை பிடித்தால் டம்ப், அதாவது கழிவு மண் குவியலின் சரிவிலிருந்து தண்ணீர் ரத்தச் சிவப்பாக இறங்கும். குவியலைச் சுற்றி வெட்டிய கார்லண்ட் டிரெயின் என்ற வாய்க்கால் வழியாக அதைக் குட்டையில் தேக்கி, மண் படிந்து தெளிந்த பிறகுதான் ஓடைக்கு விட வேண்டும்.

ஒரு மே மாதம் புதுக் குட்டைக்குக் கரை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மேல்மண்ணைக்கூட வழிக்காமல் ஓவர்பர்டனை (தாதுக்கு மேலிருந்து எடுத்த கழிவு மண்ணை) கொட்டி டோஸரால் தள்ளும் வேலை. "டம்பர் ஏறி இறங்குது சார், அதைவிட என்ன ரோலர்?" என்றார் காண்ட்ராக்ட் சூபர்வைசர். டயர் ஓடிய தடத்தில் கோர் கட்டர் (மண் மாதிரி எடுக்கும் இரும்பு உருளை) போட்டால் மண் நன்றாகத்தான் இறுகியிருந்தது. இரண்டு அடி தள்ளி ஓரத்தில் போட்டோம். கட்டரைத் தூக்கினால் மண் பொலபொலவென்று கொட்டிவிட்டது. டம்பர் ஓட்டுபவர் பயத்தில் ஓரத்துக்குப் போகவே மாட்டார், பாவம்.

அப்புறம் வேலையை மாற்றினோம். அடித்தளத்தை வழித்து, நடுவில் களிமண் அடுக்கு தட்டும்வரை கட்-ஆஃப் டிரெஞ்ச் (அடியில் கசிவைத் தடுக்கும் பள்ளம்) வெட்டி நிரப்பினோம். மலைச்சரிவோடு கரை சேரும் இடத்தில் படிப்படியாக வெட்டி இணைத்தோம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் மண் பரப்பக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டோம். அகலத்தைக் கொஞ்சம் கூட்டியே போட்டு, ஓரத்தை ரோலர் மிதித்த பிறகு அளவுக்குச் சீவினோம்.

ஈரம்தான் பெரிய தொல்லை. மே வெயிலில் கரைமேல் டேங்கர் விட்டால் மேலே சேறு, கீழே புழுதி. அதனால் மண் எடுக்கும் குழியிலேயே முதல் நாள் மாலை தண்ணீர் கட்டி, மறுநாள் காலையில் வெட்டினோம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. லேப் ரிசல்ட் வருமுன் இதை வைத்தே சரியில்லாத மண்ணில் பாதியைக் கழித்துவிடலாம்.

கரிசல்காடு:
அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எங்களுக்கு வேறு தலைவலி. கரிசல் மண் கரை கோடையில் விரல் நுழையும் அளவு வெடிக்கும். ஐப்பசி மழையில் குட்டை சட்டென்று நிரம்பினால் குறுக்கு வெடிப்பு வழியாகத் தண்ணீர் நேரே வெளியே வந்துவிடும். இப்போது கரிசலை நடுவில் வைத்து, வெளியே சரளை மண் போர்த்துகிறோம்.

இன்னொன்று, மண்ணைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு சின்னக் கட்டியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கட்டி சரிந்து அடியில் உட்கார்ந்தால் பயமில்லை. சுற்றிலும் பால் மாதிரி கலங்கிப் பரவினால் அந்த மண்ணைத் தொடாதீர்கள், உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும்.

மதகடி:
எல்லோரும் மண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்த்த உடைப்புகள் பெரும்பாலும் கரைக்குள் போகும் குழாயை ஒட்டித்தான். குழாயின் அடிவயிற்றுக்கு ரோலர் போகாது, கைத் திமிசுக்கட்டையால் யாரும் ஒழுங்காக இடிப்பதில்லை. முன்பெல்லாம் கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றி கான்கிரீட் காலர் (வளையத் தடுப்பு) வைப்போம். காலர் ஓரத்திலும் இறுகாத மண்தானே இருக்கிறது? வெளிச்சரிவுப் பக்கம் குழாயைச் சுற்றி வடிகட்டி மணல் வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கசிவு தெளிவாக வந்தால் அளந்து குறித்து வையுங்கள். கலங்கி வந்தால் மண் போகிறது என்று அர்த்தம், ஆட்களை உடனே கீழே இருந்து கிளப்புங்கள்.

குழாயை நம்பி கலிங்கை (மிகை நீர் வழிந்தோடும் இடத்தை) விட்டுவிடவும் கூடாது. 1972-இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் உடைந்தது, நிலக்கரிக் கழிவைச் சேற்றின் மேல் கொட்டி எழுப்பிய அணை. முறையான கலிங்கு கிடையாது. 125 பேர் இறந்துபோனார்கள்.

செம்மண்தூசி:
குழாய் விஷயம் உண்மை. சரிவுக்கு என்ன கணக்கு வைக்கிறீர்கள்?

மதகடி:
சின்னக் கரைக்கு அமெரிக்க வேளாண் துறையின் குட்டைத் தரநிலைதான். உள், வெளிச் சரிவு இரண்டும் சேர்ந்து ஐந்துக்கு ஒன்றாவது (ஓரடி உயரத்துக்கு ஐந்தடி கிடை நீளம்) இருக்க வேண்டும், எதுவும் இரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாகக் கூடாது. மண் அமரும் என்று உயரத்தில் 5 சதவீதம் கூட்டிக்கொள்வேன். பெரிய கரை என்றால் ஸ்டெபிலிட்டி கணக்கு (கரை சரியாமல் நிற்குமா என்ற கணக்கு) போடாமல் தொடவே மாட்டேன்.

கரிசல்காடு:
தூர் வாரும்போது பொக்லைன்காரரைப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். வண்டலோடு சேர்த்து உள்சரிவின் அடிக்காலையும் அள்ளிவிடுவார். தண்ணீரை ஒரேயடியாக இறைத்தாலும் உள்பக்கம் சரியும். வெளிச்சரிவில் வெட்டிவேர் வைத்திருக்கிறோம், நன்றாகப் பிடித்திருக்கிறது. சீமைக்கருவேலம் முளைத்தால் கன்றிலேயே பிடுங்கிவிடுங்கள்.