ஐஸ் ஹாக்கி 'என்ஃபோர்சர்': சின்ன லீக்கில் அந்த வேலை எப்படி நடக்கிறது?

தேவகோட்டை சேது:
நம்ம ஹாக்கியில் பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே. கை ஓங்கினால் சிவப்பு. ஐஸ் ஹாக்கியில் கையுறையை உதறிவிட்டுக் குத்திக்கொள்கிறார்கள், நடுவர் நின்று பார்க்கிறார். அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வேறு, அவருக்குப் பெயர் 'என்ஃபோர்சர்'. காரைக்குடியில் பயிற்சிக்கு வரும் பையன்கள் கேட்கிறார்கள், எப்படிச் சொல்வது?

ஆத்தங்குடி மெய்யப்பன்:
சேது அண்ணே, அனுமதி கிடையாது, தண்டனை உண்டு. இருவருக்கும் ஆளுக்கு 5 நிமிடம். இருவரும் சேர்ந்து போவதால் எந்த அணிக்கும் களத்தில் ஆள் குறையாது, சூட்சுமமே அதுதான். வலியப் போய் இழுத்தவர் என்று நடுவர் முடிவு செய்தால் அவருக்குக் கூடுதலாக 2 நிமிடம், அதற்கு மேல் 10 நிமிடம். அந்த 2 நிமிடம் அணி ஓராள் குறைவாக ஆட வேண்டும். அதனால் விவரமானவர் முதலில் வாயால் கேட்பார், எதிராளி தலையசைத்த பிறகே கையுறை விழும். நடுவில் மூன்றாவது ஆள் புகுந்தால் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது.

கானாடுகாத்தான் வள்ளி:
குத்தைவிடப் பிடி முக்கியம். பனியில் கால் ஊன்றாது, அதனால் ஒரு கையால் எதிராளி குத்தும் கையின் தோள்பக்கச் சட்டையை இறுக்கிப் பிடித்து அவர் வீச்சை அடக்க வேண்டும். ஜெர்சியின் உள்ளே முதுகுப் பக்கம் ஒரு பட்டை இருக்கும். அதைக் கால்சட்டையோடு மாட்டாவிட்டால் ஜெர்சி தலைக்கு மேல் ஏறி இரண்டு கையும் சிக்கிக்கொள்ளும்.

அடிக்கடி போவது கைதான். ஹெல்மெட்டில் பட்டால் மோதிர விரல், சுண்டு விரல்களின் அடியெலும்பு முறியும். அதைவிட மோசம், எதிராளியின் பல் முட்டியில் கிழிப்பது. மூடிய கையில் பட்ட காயம், விரலை நீட்டியதும் உள்ளே மறைந்துவிடும். வெளியே சின்னக் கீறல்தான் தெரியும். வாய்க் கிருமி மூட்டுக்குள் போய்ச் சீழ் வைக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிக் கழுவி ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும்.

ஆத்தங்குடி மெய்யப்பன்:
வள்ளி ஆச்சி கையைச் சொல்லிவிட்டார், தலையையும் சொல்லியாக வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டோடு இதைச் சிலர் ஒப்பிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சிராவயலில் ஆண்டுக்கு ஒரு நாள், அமெரிக்கா-கனடாவின் முதல்நிலை லீக்கான என்.எச்.எல்.லுக்கு அடுத்த படி ஏ.எச்.எல்., அதில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 72 ஆட்டம். மண்டை ஆற அவகாசமே இல்லை. டெரெக் பூகார்ட் என்ற என்ஃபோர்சர் லூசியானா, ஹூஸ்டன் என்று சின்ன லீக்குகளில் அடிபட்டு 2005-இல் என்.எச்.எல்.லுக்கு ஏறினார். 2011-இல் 28 வயதில் வலிமாத்திரையும் மதுவும் சேர்ந்து உயிரைக் கொண்டுபோயின, மூளையில் சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய்) இருந்தது பிறகு தெரிந்தது.

2016-17 முதல் ஏ.எச்.எல்.லில் ஒரு சீசனில் 10-ஆவது சண்டை வந்தால் ஒரு ஆட்டம் தடை, 14-இலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு. ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ நடுவர் பக்கை (ரப்பர் வட்டை) கீழே போடும் நொடியிலேயே மோதினால் அப்போதே வெளியேற்றம். குத்து மட்டும் தெரிந்தவருக்கு இப்போது ஒப்பந்தம் கிடைப்பது அரிது. மாறி மாறி இறங்கும் முன்வரிசைக் குழுக்களில் கடைசியான நான்காவது வரிசையில் ஒழுங்காக ஸ்கேட் செய்து, ஆள் குறையும்போது தடுத்தாடத் தெரிந்தவரைத்தான் பயிற்சியாளர் வைத்துக்கொள்கிறார்.